தோட்டமில்லாத தோட்டங்கள்: கொள்ளைநோய்க் காலங்களில் கொழும்புப் பிள்ளைகள்

கொழும்புக் காலிமுகத்திடலின் கடலோரத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1856இல் தொடங்கி 1859இல் முடிந்த நடைபாதைக்கு உரியது அது. பாதையை அமைத்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களையும் பிள்ளைகளையும் மனதில் வைத்து இதைப் பேணிவர வேண்டும் என்று தமக்குப் பின் பதவிக்கு வருவோரைக் கேட்டுக்கொண்ட செய்தி அதில் வெட்டப்பட்டிருக்கிறது. நகரத்துப் பிள்ளைகளுக்குத் திறந்தவெளி வேண்டும் என்று ஒரு ஆளுநர் கல்லில் எழுதிவைத்த வாக்கு அது. எந்தப் பிள்ளைகள் என்பதை மட்டும் கல் சொல்லவில்லை. மாலையில் குதிரை வண்டியில் ஆயாவோடு வந்து இறங்கும் வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளே அவர் கண்முன் நின்றிருக்க வேண்டும்.

அன்றைய வைத்தியம் நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று நம்பியது. சாக்கடையிலும் சதுப்பிலும் எழும் ஆவியே காய்ச்சலையும் வாந்திபேதியையும் கொண்டுவருகிறது, கடற்காற்று அதைக் கழுவிவிடும் என்பது எண்ணம். வார்ட் 1860இல் சென்னைக்கு ஆளுநராக மாற்றப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கே வாந்திபேதியில் இறந்தார். அது தண்ணீரில் வரும் நோய். எத்தனை மைல் கடற்கரையில் நடந்தாலும் அதற்குத் தடுப்பில்லை. கொழும்புக்கு லபுகம நீர்த்தேக்கத்துக் குழாய்நீர் 1880களில்தான் வந்து சேர்ந்தது.

வார்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே இத்தீவின் பிள்ளைகள் கொள்ளைநோய்த் தடுப்புக்குள் வந்துவிட்டார்கள். 1802இல் பம்பாயில் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்குப் பெரியம்மைத் தடுப்புப் பால் குத்தப்பட்டது. அங்கிருந்து அந்தப் பால் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தது. குளிரூட்டி இல்லாத காலம். ஒரு பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்துவதுதான் மருந்தை உயிரோடு கடத்தும் வழி. அப்போது மருத்துவத் துறைக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் கிறிஸ்டி இதைப் பற்றி 1811இல் நூல் எழுதினார். ஆக, தடுப்பு மருந்தைச் சுமந்து வந்த பாத்திரமே பிள்ளைகளின் கைதான்.

வீடுகளில் வேறொரு ஒழுங்கு இருந்தது. தமிழர் வீட்டில் பிள்ளைக்குச் சின்னமுத்தோ கொப்புளிப்பானோ கண்டால் வாசலில் வேப்பிலை செருகப்படும். அதைக் கண்டவர் உள்ளே வரமாட்டார். பிள்ளை தனிப் பாயில் கிடக்கும். வீட்டில் தாளிப்பு இல்லை, விருந்து இல்லை. பொருக்கு உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை பள்ளிக்கூடமும் இல்லை, விளையாட்டும் இல்லை. அம்மாளுக்குச் செய்யும் மரியாதையாகவே இது கடைப்பிடிக்கப்பட்டது. பலனைப் பார்த்தால், நோயாளியை ஒதுக்கி வைக்கும் சுகாதார விதிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒன்று மட்டும் வேண்டும்: ஒதுக்கி வைக்க வீட்டில் இன்னொரு மூலை. கொழும்பு வடக்கின் கொட்டாஞ்சேனையில் அதுவே அரிதாகிப் போனது.

ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைக்கு வடக்கே இருந்த இந்த மேட்டு நிலம் செல்வர்களின் இடம். பெயர்களில் அந்தப் பழங்காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புளூமெண்டல் என்றால் ஒல்லாந்து மொழியில் பூப்பள்ளத்தாக்கு. வுல்வெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு, அதாவது நரி ஊளையிட்ட காடு. பெரிய வளவுகள், நடுவே வீடு, சுற்றிலும் மரம். 1875இல் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர் கட்டத் தொடங்கியதும் எல்லாம் மாறியது. கப்பலும் சுமையும் பெருகின. நாட்டாமைகளும் வண்டிக்காரரும் கூலிகளும் துறைமுகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இடம் தேடினார்கள். செல்வர்கள் தெற்கே கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வளவுகளில் வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் எழுந்தன. முப்பது நாற்பது அறைக்கு ஒரு குழாய், ஒரு வரிசைக் கக்கூஸ்.

அந்தக் குடியிருப்புகளுக்குச் சிங்களத்தில் ‘வத்த’ என்றும் தமிழில் ‘தோட்டம்’ என்றும் பெயர் நின்றுவிட்டது. இலக்கத்தையோ பழைய உடைமைக்காரரின் பெயரையோ முன்னே சேர்த்து இன்ன தோட்டம் என்பார்கள். கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை “நான் தோட்டத்தில் இருக்கிறேன்” என்று சொன்னால் அங்கே ஒரு செடிகூட இருக்காது என்பது கேட்பவருக்குத் தெரியும். மறுபக்கம் கறுவாத்தோட்டத்தில் கறுவா போய்விட்டது, ஆனால் நிழலும் புல்லும் பூங்காவும் மிஞ்சின. நகரின் நோய் வரலாற்றில் பாதியை இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்குள் வைத்துவிடலாம்.

பம்பாயில் 1896இல் பிளேக் வெடித்ததும் இலங்கை அரசு அடுத்த ஆண்டே தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அது. கப்பலையும் வீட்டையும் மனிதரையும் மறித்து வைக்கும் அதிகாரம் அதிலிருந்தே பிறக்கிறது. பதினேழு ஆண்டுகள் நோய் கடல் தாண்டவில்லை. 1914 ஜனவரியில் தாண்டியது. இறங்கிய இடம் துறைமுகத்தை ஒட்டிய கொழும்பு வடக்கு: அரிசிக் கிட்டங்கிகள், செட்டியார் தெரு, புறக்கோட்டை, அவற்றின் முதுகில் சாய்ந்திருந்த தோட்டங்கள். அதன் பிறகு 1930களின் பிற்பகுதிவரை கொழும்பில் பிளேக் ஓயவில்லை.

ஏன் அந்த வட்டாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டது என்ற கேள்விக்கு விடை தேடியவர் கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளர் எல். எஃப். ஹேர்ஸ்ட். எலிகளைப் பிடித்து, அவற்றின் உடலிலிருந்து தெள்ளுகளைச் சீப்பால் வாரி எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வகை பிரித்து எண்ணினார். எலித்தெள்ளு எல்லாம் ஒன்றல்ல என்று அந்தக் கணக்கு காட்டியது. பிளேக்கைத் திறமாகப் பரப்பும் ‘கியோபிஸ்’ என்ற வகை, வெளிநாட்டு மூட்டைகளோடு வந்து அரிசிக் கிட்டங்கிகளைச் சுற்றியே குடியேறியிருந்தது. மற்ற இடங்களில் எலியின் மேல் இருந்தது பெரும்பாலும் ‘அஸ்தியா’; அது பிளேக்கைக் கடத்துவதில் மந்தம். சென்னை நகரம் பிளேக்கின் பெருங்கொடுமைக்குத் தப்பியதற்கும் இதே காரணத்தையே அவர் சொன்னார். 1953இல் ஒக்ஸ்போர்டில் வெளியான அவருடைய பெருநூல் பிளேக் ஆய்வில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகிறது. கொழும்பைப் பொறுத்தவரை அதன் பொருள் எளிது: அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தூங்கிய பிள்ளைக்கு ஆபத்து, கறுவாத்தோட்டத்தில் தூங்கிய பிள்ளைக்கு மிகக் குறைவு.

பிளேக் வந்த மறு ஆண்டே, 1915இல், வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வீட்டுக்கு வெளிச்சம், காற்று, சுற்றிலும் விடவேண்டிய வெறுநிலம், தெருவின் அகலம் ஆகியவற்றுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 1921இல் ஸ்கொட்லாந்து நாட்டு நகரத் திட்ட அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு ஒரு முதல்நிலைத் திட்டம் எழுதினார். எடின்பரோவின் நெரிசல் குடியிருப்புகளுக்கு இடையில் கிடந்த துண்டு நிலங்களைச் சிறு தோட்டங்களாக்கிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டவர் அவர். கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகரமாகக் காண விரும்பினார். பூங்கா நகரம் என்ற பெயர் நிலைத்தது. அதன் பூங்காக்களில் பெரும்பங்கு, ஏற்கெனவே மரமிருந்த தெற்குப் பக்கத்துக்கே போனது.

இதற்கிடையில் 1918இன் நடுப்பகுதியில் இன்புளுவென்சா கொழும்புக்கு வந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் நாடெங்கும் கடுமையாகப் பரவியது. இது உண்மையிலேயே காற்றில் வரும் நோய். பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வியை உலக நகரங்கள் எல்லாம் அந்த ஆண்டில் எதிர்கொண்டன. அவற்றில் பல, பள்ளிகளை மூடின. நியூயோர்க் மூடவில்லை. அதன் சுகாதார ஆணையாளர் ரோயல் கோப்லண்ட் சொன்ன காரணம் கொட்டாஞ்சேனைக்கும் அப்படியே பொருந்தும்: நகரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாழ்வது காற்றில்லாத அடுக்குக் குடியிருப்புகளில், அங்கே அடைந்து கிடப்பதைவிட, தாதியின் கண்பார்வையில், சன்னல் திறந்த வகுப்பில் இருப்பது மேல். பொஸ்டனில் நோயாளிகளையே கூடாரத்தில், வெயிலிலும் காற்றிலும் படுக்க வைத்தார்கள்.

அந்த எண்ணத்துக்குப் பின்னால் பதினான்கு ஆண்டு அனுபவம் இருந்தது. 1904இல் பெர்லினுக்கு அருகே சார்லொட்டன்பேர்க்கில், சயரோகம் பிடிக்கக்கூடிய நலிந்த பிள்ளைகளுக்காகப் பைன் காட்டுக்குள் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பாடம், சாப்பாடு, பகல் தூக்கம் எல்லாம் மரத்தடியில். 1907இல் இலண்டனும் 1908இல் அமெரிக்காவின் புரோவிடன்சும் அதைப் பின்பற்றின. பனி பெய்தாலும் சன்னலை மூடாமல், பிள்ளைகளைக் கம்பளிப் பைக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். மரத்தடியிலும் திண்ணையிலும் மணலில் விரலால் எழுதிப் படித்த சமூகத்துக்கு இதில் அதிசயிக்க அதிகமில்லை. ஐரோப்பா புதுமையாகக் கண்டுபிடித்ததைத் தமிழூர்கள் பழமை என்று கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இலங்கையில் பாடசாலை மருத்துவ சேவை தொடங்கியதும் 1918இல்தான். டொக்டர் பள்ளிக்கு வந்து பிள்ளையின் கண், பல், தொண்டை, எடை பார்க்கும் வழக்கம் அங்கிருந்து வருகிறது. அதற்கு முன்பே, நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பள்ளித்தோட்டத் திட்டம் ஒன்றும் நடந்துவந்தது. சி. டிரீபெர்க் என்பவர் அதன் கண்காணிப்பாளர். கிராமப் பள்ளிகள் மரக்கறி விதை பெற்றுப் பாத்தி கட்டின. பயிர்ச்செய்கை கற்பிப்பதே நோக்கம். ஆனால் நாளில் கொஞ்ச நேரம் பிள்ளையை மண்வெட்டியோடு வெளியே நிறுத்திய முறையான திட்டம் அது. கொழும்பு வடக்குப் பள்ளிகளுக்குப் பாத்தி கட்ட நிலமேது? 1934இல் தாகூர் ஹொரணையில் ஸ்ரீ பாலி என்ற கல்விக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதனத்தின் மரத்தடி வகுப்பு அங்கே எடுத்துக்காட்டாக நின்றது. 1944இல் மரியா மொண்டிசோரி அம்மையார் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். பிள்ளை கையால் தொட்டு, செடி வளர்த்து, விலங்கைப் பேணிக் கற்க வேண்டும் என்பது அவர் முறை. இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ‘மொண்டிசோரி’ என்ற பலகை பல ஒழுங்கைகளில் தொங்குகிறது. செடிக்கு இடமுள்ள மொண்டிசோரி குறைவு.

திட்டமிட்ட பெரும்பெயர்களைவிட, பெயரில்லாத ஒரு கட்டட வழக்கம் பிள்ளைகளுக்கு அதிகம் உதவியிருக்கிறது. இலங்கைப் பாடசாலையின் பழைய மண்டபம் நீளமானது. இருபக்கமும் இடுப்பளவு அரைச்சுவர், அதற்கு மேல் தூண்களும் வெறுவெளியும், சில இடங்களில் கம்பி வலை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவரில்லை, கரும்பலகைதான் மறைப்பு. ஒரு வகுப்பின் வாய்ப்பாடு அடுத்த வகுப்பின் தேவாரத்தோடு கலக்கும். மழை சரிவாக அடித்தால் ஓரத்து வாங்கு நனையும். சிக்கனத்துக்காகக் கட்டப்பட்ட இந்த மண்டபத்தில் காற்று இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஐரோப்பியத் திறந்தவெளிப் பள்ளி பெரும்பொருள் செலவழித்து அடைந்தது இதுவே.

வெள்ளவத்தையின் கதை வேறு. ‘வெல்ல’ கடற்கரை மணல், ‘வத்த’ தோட்டம். இங்கே தோட்டம் என்ற சொல் ஒருகாலத்தில் உண்மையாக இருந்தது. 1870களில் கரையோர ரயில் பாதை வந்து, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஒழுங்கைகள் நிறைந்தன. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் குடும்பங்கள் குடியேறின. இராமகிருஷ்ண மிஷன், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், மயூரபதி அம்மன் கோயில் எல்லாம் இவ்வட்டாரத்தில் வளர்ந்தன. ஒழுங்கையின் முனையில் ரயில் பாதையைக் கடந்தால் கடல். கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு இல்லாத திறந்தவெளி வெள்ளவத்தைப் பிள்ளைக்கு இருந்தது. பின்னாளில் வளவுகள் உடைந்து தொடர்மாடிகள் எழுந்தபோது அங்கும் முற்றங்கள் மறைந்து, வாகனத் தரிப்பிடமே விளையாட்டிடமானது. பக்கத்துத் தெஹிவளை விலங்குக்காட்சிச்சாலையில் 1972இல் தொடங்கிய இளம் விலங்கியலாளர் சங்கம், நகரத்து மாணவரைக் காட்டுக்கும் சதுப்புக்கும் கூட்டிப்போகும் அமைப்பாக வளர்ந்தது.

திறந்தவெளி எல்லா நோய்க்கும் மருந்தல்ல. 1962இல் இளம்பிள்ளைவாதம் 1,800க்கும் மேற்பட்டோரைத் தாக்கியபோது உதவியது நாக்கில் விடும் சொட்டு மருந்து. 1993க்குப் பிறகு அந்த நோய் இலங்கையில் காணப்படவில்லை. டெங்கு இன்னும் கறாரான எதிர்வாதம். ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் பிற்பகலிலும் அதற்கு வேகம் கூடும். அது முட்டையிடுவது பூச்சாடியின் கீழ்த்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, யோகட் கோப்பை, அடைபட்ட பீலி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில். பள்ளித்தோட்டமே நுளம்புத்தோட்டமாகலாம். 2017இல் நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குக்கு ஆளாகினர்; கொழும்பு மாவட்டமே முன்னணியில் நின்றது. டெங்குக் காலத்தில் வெளியே அனுப்பும் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டையும் வேப்பெண்ணெயுமே வழித்துணை.

கொவிட்-19 வந்தபோது இந்தப் பழைய பாடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சோதனைக்கு வந்தன. 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் தேதி ஊரடங்கு. கொழும்பில் அது மே 26 வரை, இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. காலிமுகத்திடலில் பட்டம் இல்லை. தெஹிவளை விலங்குக்காட்சிச்சாலையின் வாயில் மூடியது. அடுத்த ஆண்டு அங்கே தோர் என்ற சிங்கத்துக்கே கொவிட் கண்டது. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொட மீன் சந்தையிலும் தொடங்கிய அலை கொழும்பு வடக்கில் இறங்கியது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளூமெண்டல், மட்டக்குளி பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. 1914இல் பிளேக் பிடித்த வட்டாரமும் இதுவே. இம்முறை எலியில்லை, தெள்ளில்லை. மாறாதிருந்தது ஒற்றை அறையும் பொதுக் குழாயும். அதே மாதம் முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் கட்டாயமாக்கிய விதிகள், 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே வெளியாகின.

தொடக்கத்தில் உலகம் கை கழுவுவதையும் மேசை துடைப்பதையுமே பெரிதாகப் பேசியது. 2020 ஜூலையில் 239 அறிவியலாளர் கூட்டாக எழுதிய பிறகே, நோய் அறைக்காற்றில் மிதந்து தொற்றுகிறது என்ற பேச்சு அரசுகளின் காதில் மெல்ல ஏறியது. வார்ட் காலத்துக் கெட்ட காற்று, ஒரு நூற்றாண்டு கேலிக்கு ஆளான பின், திருத்திய பொருளோடு திரும்பி வந்தது என்று சொல்லலாம். வெளியில் கூடும் சிறு குழுவுக்கு ஆபத்து குறைவு என்பது தெளிவானதும், பல நாடுகளில் பிள்ளைகளின் பாடம் மரத்தடிக்குப் போனது. அங்கே கடைப்பிடித்த விதிகள் எளியவை. குழு சிறிதாக, நாள்தோறும் அதே பிள்ளைகளாக இருக்க வேண்டும். காய்ச்சலோ தடிமனோ உள்ள பிள்ளை வீட்டில் நிற்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியோ மண்வெட்டியோ கைமாறினால் கை கழுவல். மழைக்கு ஒதுங்கும் இடமும் திறந்த கூடாரமாக இருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் ஓடினால் அதுவரை வெளியில் இருந்த பலன் போய்விடும்.

இலங்கைப் பாடசாலைகள் 2021இல் எடுத்த வழி எண்ணிக்கையைக் குறைப்பது. வகுப்பில் 15 பேர்வரை இருந்தால் நாள்தோறும் பாடம். 16 முதல் 30 வரை என்றால் இரண்டு குழு, வாரம் மாறி வாரம். அதற்கு மேல் மூன்று குழு. வாயிலில் காலால் மிதிக்கும் தண்ணீர்க் குழாய், பக்கத்தில் வலைப்பையில் கட்டித் தொங்கவிட்ட சவர்க்காரம், நெற்றிக்கு நீட்டும் வெப்பமானி. சிற்றுண்டிச்சாலை மூடியதால் சாப்பாட்டுப் பெட்டி வீட்டிலிருந்து. பிள்ளைகள் உணவைப் பகிரக் கூடாது என்ற விதிதான் கடைப்பிடிக்கக் கடினமாக இருந்தது. ஒரே மாலுப்பாணை நான்காகப் பிய்ப்பது கொழும்பு வகுப்பறையின் பழக்கம். அரைச்சுவர் மண்டபமுள்ள பழைய பள்ளிகளுக்குக் காற்றோட்டம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. தடுமாறியவை கண்ணாடி அடைத்துக் குளிரூட்டிய புதிய வகுப்பறைகளும், காலி வீதி மாடிகளில் நூறு பேரை நெருக்கும் ரியூசன் வகுப்புகளும்தான்.

கொழும்பு 2018இல் ராம்சார் சதுப்புநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. பெத்தகான, தியசரு பூங்காக்களில் மரப்பலகை நடைபாதையும் நீர்க்கோழியும் நாரையும் உண்டு. வகுப்பு நடத்த அவற்றைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டும் நகரத்தின் தென்கிழக்கே, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே பக்கத்துப் புறநகரில் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையின் பூப்பள்ளத்தாக்கான புளூமெண்டலிலோ பல ஆண்டுகளாக நகரத்துக் குப்பை கொட்டப்பட்டு, அது மலையாகி நின்றது.

2021 ஒக்டோபர் 21ஆம் தேதி, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் முதலில் மீண்டும் திறந்தன. 25ஆம் தேதி மற்ற ஆரம்ப வகுப்புகளும், நவம்பர் 8இல் பத்தாம் வகுப்பும் அதற்கு மேற்பட்டவையும், 22இல் ஆறு முதல் ஒன்பது வரையும் தொடங்கின. காற்றுக்குத் தடுமாறாதவை பழைய அரைச்சுவர் மண்டபங்களே; அடுத்துக் கட்டப்படும் பள்ளிக்கூடத்தின் வரைபடத்தில் அந்த அரைச்சுவரை அரைச்சுவராகவே விட்டுவைக்க, பொறியியலாளரின் ஒரு கோடு போதும்.